உள்ளே போனவர்களின் ஊர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

ஸ்விண்டன் நகரத்தில் ஒரு காலத்தில் எந்தப் பையனிடமாவது "அப்பாவுக்கு எங்கே வேலை?" என்று கேட்டால் "உள்ளே" என்று ஒரே சொல்லில் பதில் வரும். எதற்கு உள்ளே என்று உள்ளூர்க்காரர் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பணிமனைக்கு உள்ளே. அப்பா உள்ளே, தாத்தா உள்ளே, பதினான்கு வயது நிரம்பினால் பையனும் உள்ளே. 1920-களில் அந்த மதில்களுக்குள் வேலை பார்த்தவர்கள் 14,000 பேருக்கு மேல்.

லண்டனுக்கு மேற்கே 77 மைலில் இருக்கிறது ஸ்விண்டன். பிரிஸ்டல் நோக்கிப் போகும் தண்டவாளத்துக்குத் தெற்கே தொழிலாளர் குடியிருப்பு. வடக்கே பணிமனையின் பெரும்பகுதி. இரண்டையும் இணைப்பது தண்டவாளங்களுக்கு அடியில் போகும் ஒரு சுரங்க நடைபாதை. விடிவதற்கு முன்பே சங்கு ஊதத் தொடங்கிவிடும். ஆறு மணிக்கு வேலை ஆரம்பம். கல் பாவிய தெருக்களிலிருந்து ஆணியடித்த பூட்ஸ்களின் சத்தம் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்து, அந்தச் சுரங்கத்தின் வாயில் இறங்கி மறையும். ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. உரிய நேரத்துக்குள் அதைப் போட்டால்தான் அன்றைக்கு ஆள் வந்ததாகக் கணக்கு. தாமதித்தவருக்குச் சம்பளம் குறையும். பல்லாயிரம் பேரின் காலை, பல்லாண்டுகள், இந்த ஒரு வாசல் வழியாகவே நடந்தது.

ஸ்விண்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சின்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். அவை எழுதத் தகுந்தவைதான். ஆனால் அந்த ஊரின் கட்டடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனால் வேறொரு வரலாறு தெரிகிறது. கம்பெனி எஞ்சின் கட்டியது. ஊரைக் கட்டியதில் தொழிலாளிகளின் சம்பளப் பிடித்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த உரையின் அக்கறை அந்தப் பிடித்தக் காசின் மேல்.

கம்பெனி ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். ரயில்பாதையை வடிவமைத்த இசம்பார்ட் கிங்டம் புரூனலும் எஞ்சின்களுக்குப் பொறுப்பாக இருந்த டேனியல் கூச்சும் வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்களாம். புரூனல் கையிலிருந்த சாண்ட்விச்சை வீசி, அது விழுகிற இடத்தில் பணிமனை என்றாராம். உண்மையில் நடந்தது கடிதப் போக்குவரத்து. 1840 செப்டம்பரில் கூச் புரூனலுக்கு எழுதினார். அப்போது அவருக்கு 24 வயது. கம்பெனியின் எஞ்சின் பொறுப்பை ஏற்றபோது 21 கூட நிரம்பவில்லை. செல்ட்டனம் பக்கம் பிரியும் கிளைப்பாதை ஸ்விண்டனில்தான் சேர்கிறது. லண்டனிலிருந்து அதுவரை தரை ஏறக்குறைய மட்டம். அதற்கு மேற்கே வூட்டன் பாசெட் சரிவும், ஏறத்தாழ இரண்டு மைல் நீளமுள்ள பாக்ஸ் சுரங்கமும். ஆகவே எஞ்சின் மாற்ற வசதியான இடம். இதோடு, பக்கத்திலேயே வில்ட்ஸ் அண்ட் பெர்க்ஸ் கால்வாய் ஓடியது. படகில் நிலக்கரி கொண்டுவரலாம். இந்தக் கால்வாயைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது ஸ்விண்டன் என்றால் குன்றின் மேலிருந்த சந்தை ஊர். 1841-இல் மக்கள் சுமார் 2,500 பேர். குன்றுக்குக் கீழே வெறும் மேய்ச்சல் நிலம். பணிமனை 1843 ஜனவரி 2-இல் வேலையைத் தொடங்கியது. 1901-இல் மக்கள் தொகை 45,000. மேலே பழைய ஸ்விண்டன், கீழே புது ஸ்விண்டன் என்று இரண்டு ஊராகவே அறுபது ஆண்டுகள் இருந்து, 1900-இல்தான் ஒரே நகராட்சியாகச் சேர்ந்தன. முதல் மேயராக வந்தவர் பணிமனையின் பொறியாளர் ஜார்ஜ் ஜாக்சன் சர்ச்வர்ட். பிரிட்டனின் எஞ்சின் வடிவமைப்பையே மாற்றியவர் என்று ரயில் வரலாற்றில் பேசப்படுகிறவர் அவர். ஓய்வுக்குப் பிறகும் தண்டவாளத்தை ஒட்டியே குடியிருந்தார். 1933 டிசம்பர் 19 காலையில் பாதையைக் கடந்தபோது ஃபிஷ்கார்டு எக்ஸ்பிரஸ் மோதி இறந்துபோனார். அதை இழுத்து வந்த எஞ்சின் ஸ்விண்டனில் கட்டியது.

தொடக்க காலத்தில் கம்பெனியிடம் பணம் இல்லை. ஸ்டேஷனையும் குடியிருப்பையும் ரிக்பி என்ற ஒப்பந்தக்காரர்கள் தங்கள் சொந்தச் செலவில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்கு ஈடாக ஸ்டேஷன் உணவகத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிக்கொண்டார்கள். அந்த வழியாகப் போகும் வண்டிகள் அங்கே பத்து நிமிடம் நிற்க வேண்டும் என்பது குத்தகையின் நிபந்தனை. பத்து நிமிடத்துக்குள் முண்டியடித்துக்கொண்டு சாப்பிட்டாக வேண்டிய பயணிக்குத் தரத்தைப் பற்றிக் குறை சொல்ல நேரம் ஏது? அங்கே தரப்பட்ட காப்பியைப் பற்றிப் புரூனலே உணவகப் பொறுப்பாளருக்குக் கண்டித்துக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தை ஒழிக்கக் கம்பெனி 1895-இல் 1,00,000 பவுன் கொடுத்துக் குத்தகையை மீட்டது.

குடியிருப்பு இன்னும் இருக்கிறது. சுமார் 300 கல் வீடுகள், வரிசை வரிசையாக. தெருக்களுக்குக் கம்பெனியின் ரயில் போய்ச் சேரும் ஊர்களின் பெயர்கள். கிழக்கே லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங். மேற்கே பிரிஸ்டல், எக்ஸிட்டர், டான்ட்டன். தெருப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்தால் கால அட்டவணையைப் படித்த மாதிரி இருக்கும். வெளியிலிருந்து பார்க்க அழகான வீடுகள். உள்ளே ஆரம்ப ஆண்டுகளில் நெரிசல் சொல்லி மாளாது. வேலை தேடி வந்தவர்கள் வீடு போதாமல் ஒரே வீட்டில் இரண்டு குடும்பம் என்று அடைந்து கிடந்தார்கள். வடிகால் சரியில்லை, நல்ல தண்ணீர் இல்லை. டைஃபசும் காலராவும் புகுந்தன. 1861-இல் தண்டவாளம் உருட்டும் ஆலை வந்தபோது வேல்ஸ் நாட்டு இரும்புத் தொழிலாளிகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். கேம்பிரியா பிளேஸ் என்ற அவர்களுடைய தெருவும், அவர்கள் தாய்மொழியில் வழிபட்ட சிறு தேவாலயமும் இன்றும் காணக்கூடியவை.

அந்த நோய்க் காலத்தில்தான், 1847-இல், மருத்துவ நிதிச் சங்கம் உண்டாயிற்று. வேலை குறைந்து பலருக்குச் சம்பளம் இல்லாமல் போயிருந்த ஆண்டு அது. யோசனை எளிமையானது: ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் வாரந்தோறும் சிறு தொகை பிடித்தம், அதற்கு ஈடாக அவருக்கும் மனைவி மக்களுக்கும் வைத்தியம். கம்பெனி மருத்துவருக்கு வாடகையில்லாமல் வீடு கொடுத்தது. மற்றது பிடித்தக் காசு. வீடுகளுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கொடுத்தார்கள். 1871-இல், தொண்டர் படையின் ஆயுதக் கிடங்காக இருந்த கட்டடம் சிறு மருத்துவமனையாக மாறியது. செத்தவரை எடுத்துப் போகச் சங்கத்துக்கென்று ஒரு வண்டியும் இருந்தது. விபத்தில் கையோ காலோ போனவர்களுக்குச் செயற்கைக் கை, கால் செய்து கொடுத்தவர்கள் பணிமனையின் தச்சர்களே. ரயில் பெட்டிக்கு மரம் இழைத்த அதே கை, பக்கத்துப் பட்டறைக்காரனின் காலையும் அளவெடுத்து இழைத்தது. இதைவிட நெருக்கமாக ஒரு தொழிலாளர் கூட்டம் தன்னைத் தானே பார்த்துக்கொண்டதற்கு உதாரணம் தேடுவது கடினம்.

1892-இல் மில்ட்டன் சாலையில் சங்கத்தின் பெரிய கட்டடம் எழுந்தது. செங்கல்லில் கட்டிய அந்த ஒரே கூரையின் கீழ் மருந்தகம், மருத்துவரைப் பார்க்கும் அறைகள், நீச்சல் குளங்கள், துருக்கி முறை வெந்நீராவிக் குளியல். குளியலறை இல்லாத வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குச் சுடுநீர்த் தொட்டியில் முழுக உரிமை என்பது ஆடம்பரமில்லை. கரியும் எண்ணெயும் தோலில் ஊறிப்போன உடம்புகள் அவை. 1948 ஜூலை 5-இல் தேசிய சுகாதார சேவை பிரிட்டன் முழுதும் நடைமுறைக்கு வந்தபோது சங்கத்தின் மருத்துவப் பணி அதில் கரைந்தது. அந்தச் சேவைக்கு வித்து எங்கள் ஊரில் விழுந்தது என்று ஸ்விண்டன்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். வேல்ஸின் ட்ரெடீகர் சுரங்க ஊருக்கும் அதே பெருமை உண்டு. சட்டம் கொண்டுவந்த அனூரின் பெவன் பிறந்த ஊர் அது. இரண்டு ஊரும் இந்தப் பெருமைக்கு உரியவையே. எது முந்தியது என்பதல்ல இங்கே முக்கியம். இரண்டு இடத்திலும் அரசாங்கம் யோசிப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கோ அரை நூற்றாண்டுக்கோ முன்னால் தொழிலாளிகள் யோசித்து, நடத்தியும் காட்டினார்கள்.

குடியிருப்பின் நடுவில், எம்லின் சதுக்கத்தில், ஒரு கோட்டை மாதிரி நிற்கிறது மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூஷன். இதன் சங்கம் தொடங்கியது 1844-இல். கட்டடம் 1855-இல். உள்ளே நூலகம், வாசிப்பறை, சொற்பொழிவு மண்டபம், நாடக மேடை. ஒட்டினாற்போல் எட்டு மூலைச் சந்தைக் கொட்டகை ஒன்றும் இருந்தது. குன்றேறிப் பழைய ஊருக்குப் போகாமல் பெண்கள் காய்கறியும் இறைச்சியும் வாங்கலாம். பகலெல்லாம் சம்மட்டி பிடித்தவன் சாயங்காலம் வந்து கணிதம் படித்தான், வரைபடம் கற்றான், புத்தகம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

இந்த இன்ஸ்டிடியூஷன் நடத்திய இரண்டு காரியங்கள் ஊரின் ஆண்டு முழுவதையும் அளந்தன. ஒன்று "ட்ரிப்". 1849-இல் சுமார் 500 பேரோடு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன ஒரு நாள் உல்லாசப் பயணமாகத் தொடங்கி, பின்னாளில் ஒரு வார விடுமுறையாக வளர்ந்தது அது. கம்பெனி இலவசமாக வண்டி விட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஜூலை மாதத்தில், சுமார் 25,000 பேர் சிறப்பு ரயில்களில் ஒரே நேரத்தில் ஊரைக் காலி செய்தார்கள். வண்டிகள் ஸ்டேஷனில் நிற்க இடம் போதாது. பணிமனையின் பக்கவாட்டுத் தண்டவாளங்களிலேயே இருட்டோடு ஏணிப்படி வைத்து ஏற்றினார்கள். பாட்டி, கைக்குழந்தை, தகரப் பெட்டி, வாரம் முழுதும் மிச்சம் பிடித்துச் செய்த பலகாரம் எல்லாம் ஏறின. தெற்குக் கடற்கரையிலுள்ள வெய்மத் ஊருக்கு அந்த வாரத்தில் "கடலோர ஸ்விண்டன்" என்றே பெயர். கடற்கரையிலும் அதே பக்கத்து வீட்டுக்காரர், அதே பட்டறைத் தோழர். ஊரில் கடைகள் அடைத்துக் கிடக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. இந்த மகிழ்ச்சிக்கு ஒரு விலையும் இருந்தது. அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. 1938-இல் சம்பளத்தோடு விடுமுறைக்குச் சட்டம் வரும்வரை கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் வெறும் கையோடு அடுத்த சம்பள நாளுக்குக் காத்திருந்தன.

மற்றொன்று, ஆகஸ்ட் மாதம் ரயில்வே பூங்காவில் நடந்த குழந்தைகள் விழா. நுழைகிற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பொட்டலத்தில் அரைப் பவுண்டு பழக் கேக். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்குக் கையால் கேக் அறுத்து முடியாது என்று பணிமனைக்காரர்கள் அதற்கென்றே ஒரு வெட்டும் இயந்திரம் செய்தார்கள். உலகப் போர் வந்து 1939-உடன் விழா நின்றது. அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்தும் ஊர் முதியவர்களுக்கு அந்த விழா என்றால் முதலில் நினைவுக்கு வந்தது கேக்தான்.

எஞ்சின்களைப் பற்றிச் சொல்லாமலும் விட முடியாது. 1846-இல் "கிரேட் வெஸ்டர்ன்" என்ற எஞ்சினைப் பதின்மூன்று வாரத்தில் கட்டி முடித்தார்கள். முழுக்க இங்கேயே செய்த முதல் எஞ்சின் அது. 1960 மார்ச்சில் வெளிவந்த "ஈவ்னிங் ஸ்டார்", பிரிட்டிஷ் ரயில்வே கட்டிய கடைசி நீராவி எஞ்சின். இடையில் ஒரு வாரக் கடைசி இந்த ஊரின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது. புரூனலின் தண்டவாள அகலம் 7 அடி கால் அங்குலம். நாட்டின் மற்றப் பாதைகள் 4 அடி எட்டரை அங்குலம். ஐம்பது ஆண்டுச் சண்டைக்குப் பிறகு 1892 மே மாதம், எக்ஸிட்டருக்கு மேற்கே மிச்சமிருந்த அகலப் பாதையை 4,000-க்கு மேற்பட்டவர்கள் இரண்டே நாளில் குறுக்கிப் போட்டார்கள். ஓட இடமில்லாமல் போன எஞ்சின்களும் பெட்டிகளும் எல்லாத் திசையிலிருந்தும் ஸ்விண்டனுக்கு வந்தன. அவற்றை நிறுத்த மட்டும் சுமார் 15 மைல் தற்காலிகத் தண்டவாளம் போட வேண்டியிருந்தது. வயல்வெளியில் வரிசை வரிசையாக, உடைபடக் காத்து நின்றன. பெற்ற ஊரே பிரித்தும் போட்டது.

அந்த 1892-ஐ ஒட்டித்தான் சவுத் மார்ஸ்டன் கிராமத்திலிருந்து ஆல்ஃப்ரெட் வில்லியம்ஸ் என்ற சிறுவன் உள்ளே வந்தான். பிறந்தது 1877-இல். அப்பா குடும்பத்தை விட்டுப் போய்விட, அம்மா எட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். வில்லியம்ஸ் பணிமனையில் 23 ஆண்டு வேலை பார்த்தார். பெரும்பாலும் நீராவிச் சம்மட்டியடியில், பழுக்கக் காய்ந்த இரும்பைத் திருப்பிக் கொடுக்கும் வேலை. காலையில் நாலு மைல் நடந்து வருவார், மாலையில் நாலு மைல் நடந்து போவார். இரவில் லத்தீன் படித்தார், கிரேக்கம் படித்தார். மனப்பாடம் செய்ய வேண்டிய கிரேக்க எழுத்துகளை உலைக்குப் பக்கத்தில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்துக்கொண்டு, இரும்பு காயும் இடைவேளையில் பார்த்துக்கொள்வார். கவிதை எழுதினார், "சம்மட்டிக் கவிஞர்" என்று பெயர் வந்தது. புகையும் சூடும் உடம்பைக் கெடுத்து, 1914-இல் வேலையை விட்டபோது உலையின் மேல் "விசி" என்று லத்தீனில் எழுதிவிட்டு வெளியேறினார். வென்றேன் என்று பொருள்.

அடுத்த ஆண்டு அவருடைய "ரயில்வே தொழிற்சாலையில் வாழ்க்கை" நூல் வெளிவந்தது. உலைக் கொட்டகையின் வெக்கை, அதிகாரம் செய்யும் மேஸ்திரி, வேகத்தைக் கூட்டக் கூட்டக் குறையும் கூலி, களைத்த மனிதர்களின் திங்கட்கிழமை முகமும் சனிக்கிழமை முகமும் எல்லாம் அதில் உண்டு. ஸ்விண்டனைப் பற்றி வந்த நூல்களில், உள்ளே நின்று எழுதியது என்ற ஒரே காரணத்துக்காகவே முதலில் படிக்க வேண்டியது அது. எஞ்சின் புகழ் பாடும் நூறு நூல்களில் இல்லாத வியர்வை அந்த ஒரு நூலில் இருக்கிறது.

முதல் உலகப் போர் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பீரங்கிப் படை வீரராக 1917-இல் வந்தவர், கான்பூரிலும் இமயமலைச் சாரலில் ராணிகேத்திலும் இருந்தார். இந்த நாடு அவரைப் பிடித்துக்கொண்டது. ஊர் திரும்பி, வறுமையோடு தோட்டக் காய்கறி விற்றுக்கொண்டு, நாற்பது வயதுக்குமேல் தானாகவே சமஸ்கிருதம் கற்றார். பஞ்சதந்திரக் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். நூல் 1930-இல் வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை. அந்த ஏப்ரலில் இறந்துபோனார். நோயில் கிடந்த மனைவி மேரி சில வாரங்களில் பின்தொடர்ந்தார்.

பணிமனை 1986 மார்ச் 26-இல் மூடப்பட்டது. பல மைல் தூரத்து மாட்டுத் தொழுவங்கள் வரை கேட்டுக்கொண்டிருந்த சங்கு அன்றைக்குக் கடைசியாக ஊதியது. பிறகு கொட்டகைகளுக்கு மறுவாழ்வு வந்தது. 1997-இல் பெரிய கடைவளாகம். 2000-இல் ஸ்டீம் என்ற ரயில்வே அருங்காட்சியகம். அதன்பின் நேஷனல் டிரஸ்டின் தலைமையகம். குடியிருப்பை இடிக்காமல் காத்ததில் கவிஞர் ஜான் பெட்ஜமன் போன்றோர் எழுப்பிய குரலுக்குப் பங்கு உண்டு. நகராட்சி வீடுகளை வாங்கிப் பழுதுபார்த்தது. மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூஷன் மட்டும், பணிமனை மூடிய அதே 1986-இல் கதவடைத்து, பல பத்தாண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. கம்பெனியின் கொட்டகைகளுக்குக் கிடைத்த அக்கறை, தொழிலாளிகள் சந்தா கட்டி நடத்திய மண்டபத்துக்குக் கிடைக்கவில்லை. இது அந்த ஊரின் பெரிய குறை. நாடு கடந்து நின்று படிக்கிறவருக்கும் அது உறுத்துகிறது.

ஸ்விண்டனுக்குப் போக வாய்ப்பவர்கள் அருங்காட்சியகத்தைப் பார்த்ததும் ரயிலேறிவிட வேண்டாம். சுரங்க நடைபாதையில் இறங்கித் தெற்கே வந்தால் எம்லின் சதுக்கம். பூட்டிய கதவுகளைச் சுற்றி ஒருமுறை நடக்கலாம். கூப்பிடு தூரத்தில் மில்ட்டன் சாலைக் குளியல் கட்டடம். ஃபேரிங்டன் சாலையில் 34-ஆம் எண் வீட்டைத் தொழிலாளி குடும்பம் வாழ்ந்த மாதிரியே அமைத்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு வில்லியம்ஸ் நடந்த அந்த நாலு மைல். சவுத் மார்ஸ்டனில் அவரும் மேரியும் தங்கள் கையாலேயே கட்டிய வீடு இருக்கிறது. செங்கல் வாங்கப் பணமில்லை. கூச் தன் கடிதத்தில் சொன்ன அந்தக் கால்வாய், ரயிலோடு போட்டிபோட முடியாமல் நலிந்து 1914-இல் சட்டப்படி கைவிடப்பட்டிருந்தது. பாழாய்ப்போன அதன் மதகு ஒன்றிலிருந்து இருவரும் செங்கற்களைப் பெயர்த்தெடுத்து, ஒட்டியிருந்த காரையைக் கொத்திச் சுத்தம் செய்து, கொண்டுவந்து அடுக்கினார்கள். வீட்டுக்கு "ராணிகேத்" என்று பெயர் வைத்தார்கள்.